ஊசல் சார்வாள்

அவர் வீட்டுக்குப் போனால் இரண்டு தடவை விடைபெற வேண்டும். நாம் எழுந்து, "அப்போ வாரேன் சார்வாள்" என்று கும்பிட்டுத் தெருவில் இறங்கியதும் கதவைச் சாத்திக்கொள்வார். உடனே நடந்துவிடக் கூடாது. எண்ணி இருபது வரைக்கும் நிற்க வேண்டும். கதவு மறுபடி திறக்கும். தலை மட்டும் வெளியே வரும்.

"போயாச்சா?"

"போய்க்கிட்டே இருக்கேன் சார்வாள்."

"சரி."

அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாள் விழும். வந்த ஆள் போய்விட்டான் என்பதை இன்னொரு தடவை பார்த்து உறுதிசெய்யாவிட்டால் அவன் போனதாக அவர் ஒத்துக்கொள்வதில்லை.

பாளையங்கோட்டையில் அவரை எல்லாரும் ஊசல் சார்வாள் என்பார்கள். பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. எழுதினால், ஞானஸ்நானப் புத்தகத்தில் போய் அந்தப் பெயரைச் சரிபார்த்துவிட்டு வா என்று என்னையே அனுப்புவார். வடக்கே மலையடிவாரத்தில் ஏதோ சர்க்கார் அளவை ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர். அங்கே துரைமார் ஊர் ஊராக ஊசலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூமியின் இழுப்பை அளப்பார்கள். இவர் கூடவே போய்க் கணக்குப் போடுவார். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வரும்போது, பழசு என்று ஆபீஸில் கழித்துப் போட்ட ஊசல் ஒன்றையும் பெட்டியோடு கொண்டுவந்துவிட்டார். முழங்கை நீளத்துக்குப் பித்தளைத் தண்டு, அடியில் ஒரு குண்டு. பார்த்தால் சுவர்க்கடிகாரத்தைக் கொன்று உள்ளிருந்து எடுத்தது மாதிரி இருக்கும்.

விஷயம் இவ்வளவுதான். பூமி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. அடியில் கனமான சாமான் கிடந்தால் அங்கே இழுப்பு ஒரு துளி கூடும். இழுப்புக் கூடினால் ஊசல் ஒரு துளி வேகமாக ஆடும். அந்தத் துளி, நாள் முழுக்க ஆடினாலும் ஒரு வினாடிக்குள் அடங்கிவிடும். அதைப் பிடிக்கத்தான் இத்தனை பாடு. ஒரு இடத்தில் அளந்து, அடுத்த இடத்தில் அளந்து, முடிவில் முதல் இடத்துக்கே திரும்பி வந்து அளக்க வேண்டும். முதல் கணக்கும் கடைசிக் கணக்கும் ஒத்தால்தான் நடுவில் பார்த்ததெல்லாம் செல்லும்.

இருபத்தெட்டு வருஷம் இதைச் செய்தவர், பென்ஷன் வந்த பிறகும் இதையே செய்துகொண்டிருந்தார். என்ன, ஊசல் இல்லாமல் செய்தார்.

மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கப் போவார். முதல் கடையில் விலை கேட்பார். கடைசிக் கடைவரை கேட்டுக்கொண்டே போய், மறுபடி முதல் கடைக்கு வருவார்.

"அண்ணாச்சி, அப்போ சொன்ன விலைதான் இப்பவும்" என்பார் கடைக்காரர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"அதைப் பார்க்கத்தான் வந்தேன். நீரு மாறலை. அப்போ மத்தவன் சொன்னதெல்லாம் நெசம்." சொல்லிவிட்டு மூன்றாவது கடைக்குப் போய் வாங்குவார்.

சாப்பாட்டிலும் அப்படியே. சொதி, ரசம், மோர் எல்லாம் ஆன பிறகு, சொதி ஒரு கரண்டி மறுபடி கேட்பார். நாக்கு நடுவில் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அவர் சம்சாரம் கரண்டியை ஓங்கிக்கொண்டே ஊற்றுவாள். அக்காள் மகளுக்கு மெய்ஞ்ஞானபுரத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, நேரே அக்காள் வீட்டுக்குப் போய்ப் பெண்ணைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தி, மாப்பிள்ளையைப் பார்த்த மாதிரியே மேலும் கீழும் பார்த்தாராம். "இவ காலையில இருந்த மாதிரிதான் இருக்கா. அப்போ அந்தப் பையன் கொஞ்சம் மட்டுந்தான்." சம்பந்தம் முறிந்துவிட்டது. சபையில் பாதிரி ஐயர் இரண்டு மணி நேரம் பிரசங்கம் பண்ணி முடித்ததும் வாசலில் நிறுத்தி, "தொடங்கின வசனத்துக்கு நீங்க திரும்பி வரவே இல்லையே, ஐயரே" என்று கேட்டார். அன்றிலிருந்து ஐயர் பக்கவாசல் வழியாகத்தான் போகிறார்.

இப்படிப்பட்ட மனிதரை என் பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு எந்த யோசனையும் ஒரு நிமிஷத்தில் வந்துவிடும். அதைச் சரிக்கட்ட மற்றவர்களுக்கு ஒரு வருஷம் பிடிக்கும். ஜெர்மன் சண்டைக்கு இரண்டு வருஷம் முந்தி நான் மிஷன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். வாசகசாலையில் கிடந்த ஒரு இங்கிலீஷ் சஞ்சிகையில், அமெரிக்காவில் பாலைவனத்துக்கு நடுவே வட்டமாக ஒரு பெரும்பள்ளம் இருக்கிறது, அது ஆகாயத்திலிருந்து இரும்புப் பாறை விழுந்து உண்டான பள்ளம் என்று ஒருவர் நம்பி, கீழே இரும்பைத் தேடித் துளைபோட்டுக்கொண்டிருக்கிறார் என்று படித்தேன். என் கண் முன்னால் எங்கள் ஊர் வட்டக்குளம் வந்து நின்றது.

ஏரலுக்குத் தெற்கே, தேரியின் செம்மணல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஜில்லாவில் மற்ற குளங்களெல்லாம் பிறை மாதிரி இருக்கும். எங்கள் குளம் மட்டும் தட்டு மாதிரி வட்டம்; சுற்றிலும் மேடு. தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீர் வந்து நிறைந்தால், கீழே நாலு ஊருக்குப் பிசான நெல் விளையும். அமெரிக்காவில் வட்டம், இங்கேயும் வட்டம். எனக்கு வேறு என்ன வேண்டும்? அன்றைக்கே வில்வண்டி பிடித்து ஊருக்குப் போய்ப் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

பெரியப்பா ஊரில் பெரிய பண்ணை. உட்கார்ந்தால் ஊஞ்சல் முனகும். நான் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார்.

"நட்சத்திரமாலே?"

"ஆமா பெரியப்பா. இரும்பு நட்சத்திரம்."

"நம்ம குளத்துலயா?"

"இருக்கலாம்."

"இருக்கலாம்ன்னா? இருக்குலே! எங்க தாத்தாவே சொல்லுவாக, இந்தக் குளம் மனுஷன் வெட்டினதில்லைன்னு." கண்ணைத் திறந்தபோது அதில் கலெக்டர் துரை வந்து இறங்கிவிட்டார். "தோண்டிருவோம். கரையை ஒரு பக்கம் வெட்டி, கெடக்கிற தண்ணியை வடிச்சு, வண்டியை உள்ள இறக்கிருவோம். ஆகாசத்து இரும்புல கோயில் தேருக்கு அச்சுப் பண்ணிப் போட்டா, திருச்செந்தூர்க்காரன் நம்ம மூஞ்சியில எப்படி முழிப்பான்?"

எனக்கே கொஞ்சம் பகீரென்றது. வெட்டுகிறதற்கு முன்னால் அளந்து பார்க்க ஒரு ஆள் இருக்கிறார், அவர் சொன்னால் துரைமாரே ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்லிவைத்தேன். துரைமார் என்றதும் பெரியப்பா இறங்கிவந்தார். பாளையங்கோட்டைக்குத் திரும்பி ஊசல் சார்வாளிடம் சொன்னேன். சஞ்சிகையை வாங்கிப் படித்தார். கடைசிப் பக்கம் முடிந்ததும் முதல் பக்கத்தை மறுபடி படித்தார்.

"வடக்க எத்தனையோ இடத்துல அளந்திருக்கேன் தம்பி. எல்லாம் மலை, மலை, மலை. நட்சத்திரத்தை அளந்ததில்லை" என்றார்.

அந்த மனிதருக்கு ஒரு ஆசை இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

புரட்டாசியில் வந்தோம். குளம் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீரோடு வற்றிக் கிடந்தது. முதல் இடம் பெரியப்பா வீட்டுக் கூடம். செங்கல்லால் இடுப்பளவு தூண் ஒன்று கட்டி, அதன்மேல் பெட்டியை வைத்து, உள்ளே ஊசலைத் தொங்கவிட்டோம். தொங்கவிடுவது என் வேலை. சார்வாளுக்குக் கை வேர்க்கும். அவர் எட்ட உட்கார்ந்து, சின்னத் தூரதிருஷ்டிக் கண்ணாடி வழியாக ஊசலும் கடிகாரமும் எப்போது ஒன்றுசேர்கின்றன என்று பார்த்துச் சொல்வார். நான் நோட்டில் எழுதிக் கழித்துக் கூட்டுவேன். வீட்டில் யாரும் உலக்கை போடக் கூடாது, கன்றுக்குட்டி துள்ளக் கூடாது, பைய நடக்க வேண்டும். இரண்டு நாள் அந்த வீடு இழவு வீடு மாதிரி இருந்தது.

பெரியப்பா மட்டும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "பாரமுள்ள சாமான் எல்லாம் இழுக்கும்ங்கீரே, நானும் இழுப்பேனாவே?" என்றார், தொப்பையைத் தடவிக்கொண்டு.

சார்வாள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இழுப்பீக. ஆனா கணக்குல சேர்க்கிற அளவுக்கு இல்லை."

பெரியப்பாவைக் கணக்கில் சேர்க்காத ஆள் அந்தத் தாலுகாவில் அதுவரை பிறந்ததில்லை. அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

வீட்டுக் கணக்கு முடிந்தது. மறுநாள் குளத்துக்குப் போக வேண்டும். அந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை; அன்றைக்கே ஆயுத பூஜையும். சார்வாள் விடிந்ததும் பக்கத்து ஊர் வேதக்கோயிலுக்கு ஆராதனைக்குப் போய்விட்டார். இங்கே பெரியப்பா கலப்பை, மண்வெட்டி, அரிவாள், தராசு, தன் மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் பலகையில் அடுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த ஊசலையும் கொண்டாலே."

"பெரியப்பா, அது வேதக்காரர் சாமான்."

"வேதக்காரர் அரிவாள்னா வெட்டாதா? ஆயுதம்னா ஆயுதம்தான். பொட்டு வைக்காத ஆயுதத்தை நம்பி நான் குளத்துல கால் வைக்க மாட்டேன். வண்டியும் தரமாட்டேன்."

வண்டி இல்லாவிட்டால் ஆராய்ச்சி இல்லை. ஆராய்ச்சிக்காக என்ன வேண்டுமானாலும் செய்கிறவன் நான். எடுத்துக்கொடுத்தேன். ஆனாலும் நான் சாஸ்திரம் படித்தவன் இல்லையா? "குண்டுல வைக்காதீக பெரியப்பா, குண்டுதான் அதுக்கு உயிர். தண்டுல, நடுவாக்குல, பின்பக்கமா வைங்க" என்று இடம் காட்டினேன். பெரியப்பா பக்தியோடு பெருவிரலால் சந்தனமும் குங்குமமுமாக ஒரு பொட்டு வைத்தார். பிறகு குங்குமத்தை மட்டும் துடைத்தேன். சந்தனம் நல்ல சந்தனம். காய்ந்து பித்தளையோடு பித்தளையாக ஒட்டிக்கொண்டது. சுரண்டினால் கீறல் விழும். ஒரு துளிதானே என்று பெட்டியை மூடிவிட்டேன்.

துளியைப் பிடிக்கிறதற்குத்தான் அந்தப் பெட்டியே என்பது அப்போது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

குளத்துக்குள் தண்ணீர் ஓரமாக ஓலைப் பந்தல் போட்டு இரண்டு நாள் அளந்தோம். அங்கே எங்களுக்குத் துணை மடைக்காரர். குளத்து மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பதும் அவர் வேலை. சார்வாள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கிற நேரம் பார்த்துப் பேச்சுக் கொடுப்பார்.

"ஐயா, உள்ள நட்சத்திரம் இருக்குன்னு இது சொல்லிட்டா வெட்டிருவாகளோ?"

"வெட்டுவாக."

"தெரியலைன்னு சொன்னா?"

"தோண்டிப் பார்ப்போம்பாக."

"கெழக்க மேகம் கூடுது, பாத்தியளா? கரையை வெட்டிப் போட்டுட்டு மழையும் வந்துட்டா, தண்ணி பூரா தேரிக்குள்ள போயிரும். மணல் ஒரே முடக்காக் குடிச்சிரும். நாலு ஊருக்குப் பிசானம் கெடையாது. எங்க சனம் கொழும்புக்குக் கப்பலேறணும்."

"ஊசலுக்குப் பிசானம் தெரியாதுவே."

மடைக்காரர் கொஞ்சநேரம் காலால் மண்ணைக் கிளறினார். "உங்களுக்குத் தெரியும்லா?"

சார்வாள் கண்ணாடிக்குள் குனிந்துகொண்டார்.

இரண்டாம் நாள் சாயந்தரம் நான் கணக்கைக் கழித்தேன். மறுபடி கழித்தேன். வீட்டில் ஆடியதைவிடக் குளத்தில் ஊசல் வேகம்! ஒரு நாளைக்கு ஒரு வினாடி, கூடக் குறைய. அமெரிக்காக்காரன் துளைபோட்டுத் தேடுவதை நான் பென்சிலால் கண்டுபிடித்துவிட்டேன்.

"சார்வாள், இருக்கு!"

"இன்னும் வீட்டுக்குத் திரும்பலையே."

"வீடு எங்க போயிரும் சார்வாள்?"

"வீடு போகாது தம்பி. ஊசல் போகும்."

அவர் சொல்லி முடிக்கும்போது நான் பாதிக் குளம் தாண்டியிருந்தேன். பெரியப்பாவிடம் மூச்சுவாங்கச் சொன்னேன். அந்தச் சூட்டோடு மெட்ராஸ் பத்திரிகைக்கும் நாலு பக்கம் எழுதி, தபாலில் போட ஆள் அனுப்பினேன். பெரியப்பா பஞ்சாங்கம் பார்த்து வெள்ளிக்கிழமை காலையில் கரையை வெட்ட நாள் குறித்தார். அறுபது மண்வெட்டிக்குச் சொல்லிவிட்டார். பூஜை போட்ட மண்வெட்டிகள்.

வியாழக்கிழமை, வேறு வழியில்லாமல், சார்வாளின் பிடிவாதத்துக்காகக் கூடத்துத் தூண்மேல் மறுபடி ஊசலைத் தொங்கவிட்டோம். மறுநாளைக்குச் சொல்லிவைத்த மண்வெட்டிக்காரர்களும் சேர்ந்து ஊரே முற்றத்தில் நின்றது. மடைக்காரர் தொழுவத்து ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு இது வீண் வேலை. முதலில் வந்த கணக்கே வரப்போகிறது; வந்ததும் கலெக்டருக்குத் தந்தி.

நாலு மணி நேரம் ஆயிற்று. சார்வாள் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். என் கையிலிருந்து நோட்டை வாங்கிக்கொண்டார். அதுவரை கழித்தல் எல்லாம் நான்தான். அன்றைக்கு அவரே போட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு எழுந்து பெட்டியைத் திறந்து, வேர்த்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஊசலை எடுத்துத் திருப்பினார். பூதக்கண்ணாடியைத் தண்டின் பின்பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் சந்தனம் எனக்கு ஞாபகம் வந்தது. தண்டில் பாரம் ஏறினால் ஊசல் குட்டையான மாதிரி ஆகி வேகமாக ஆடும் என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். குண்டு அழுக்காகக் கூடாது என்று நான் பார்த்துப் பார்த்துச் சொன்ன இடம்தான் நட்சத்திரத்தை வரவழைத்திருந்தது.

"என்னவே? சொல்லும்" என்றார் பெரியப்பா.

சார்வாள் ஊசலைப் பெட்டியில் வைத்தார். முற்றத்தைப் பார்த்தார். மண்வெட்டிகளைப் பார்த்தார். தொழுவத்து ஓரத்தையும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"ஞாயித்துக்கிழமைக்கு முந்தி இந்த வீட்டுல ஊசல் ஆடின வேகம் ஒண்ணு. இப்போ இந்த வீட்டுல ஆடுத வேகம் வேற. குளத்துல வேகமா ஆடிச்சு. இங்கயும் வேகமாத்தான் ஆடுது."

"அப்படின்னா?"

"ஒண்ணு, ஊசல் கெட்டிருக்கணும். இல்லைன்னா, குளத்துல என்ன இருந்துதோ அது நமக்கு முந்திக் கிளம்பி இங்க வந்திருக்கணும்."

எனக்குத் தெரிந்து அவர் வாழ்நாளில் அடித்த ஒரே பகடி அதுதான். அதையும் சிரிக்காமல் அடித்தார். யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா மெல்ல எழுந்தார். ஊஞ்சல் முனகியது. கூடத்துத் தளத்தைப் பார்த்தார். காலைப் பைய எடுத்து ஓரமாக வைத்தார்.

"ஊசல் எப்படிவே கெடும்? நான் கையால பொட்டு வச்ச ஊசல்!"

இங்கே அவர் தானாகவே உண்மையைச் சொல்லிவிட்டார். முற்றத்தில் அறுபது பேருக்கு முன்னால், சத்தமாகச் சொன்னார். ஒருவருக்கும் அது உண்மையாகப் படவில்லை.

"எங்க வீட்டுக்கு அடியிலயா..." பெரியப்பா தளத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "அங்கன விழுந்து, பூமிக்குள்ளயே நகந்து, பூஜையன்னைக்கு இங்கன வந்து ஒக்காந்திருக்கு. ஏலே, தேடி வந்ததைத் தோண்டக் கூடாது. மண்வெட்டிக்காரனுகளைத் திருப்பி அனுப்பு. குளத்துல இனி என்ன மயித்துக்கு வெட்டு?"

எனக்குப் பொறுக்கவில்லை. சார்வாளைப் பெட்டியோடு பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் ஊசலை எடுத்து, பேனாக்கத்தியால் அந்தச் சந்தனத்தைச் சுரண்டி ஒரு காகிதத்தில் மடித்தார்.

"உன் வேலையா?"

"ஆமா சார்வாள். தப்புத்தான். இப்போ கழுவிட்டு மறுபடி முதல்ல இருந்து அளப்போம். பெரியப்பாகிட்ட நானே போய்ச் சொல்லுதேன், எல்லாம் சந்தனம்தான்னு. உண்மையைச் சொல்லணும்லா?"

பின்னால் மடைக்காரர் வந்து நின்றிருந்தார். "சின்ன மொதலாளி, நீங்க உண்மை சொல்லுதது இருக்கட்டும். சந்தனம்னு சொன்னா, அப்போ வீட்டுல இல்லை, குளத்துலதான் இருக்குன்னு வெட்டுவாக. ஐயா, நீங்க சொல்லுங்க. குளத்துல ஒண்ணுமே இல்லைன்னு ஒங்களால அடிச்சுச் சொல்ல முடியுமா?"

நோட்டு சார்வாள் கக்கத்தில் இருந்தது. அதை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார்.

"அப்போ வண்டி பூட்டச் சொல்லட்டுமா?"

"சொல்லும்."

நான் கத்தினேன். இருபத்தெட்டு வருஷம் சரிபார்த்தவர் இப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். துரைமார் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். அவர் வண்டியில் ஏறிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். நானும் ஏறினேன். வண்டி குளத்துக்கரை வழியாகத்தான் போயிற்று. வட்டக்குளத்தை அவர் ஒரு முழுச்சுற்று கண்ணால் பார்த்ததை நான் பார்த்தேன். ஆசையை நேரே அப்படிப் பார்த்தவரை நான் அன்றைக்குப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். பாளையங்கோட்டையில் இறங்கியதும் கும்பிடாமல் நடந்துவிட்டேன்.

ஐப்பசியில் மழை கொட்டியது. குளம் கரைதொட நின்றது, பிசானம் விளைந்தது. கூடத்துச் செங்கல் தூணுக்குப் பெரியப்பா சிமிட்டி பூசி, பட்டுத்துணி சாத்தி, விளக்கு வைத்தார். எங்கள் வீட்டுக்கு 'நட்சத்திர வீடு' என்று பெயர் வந்தது. காயல்பட்டினத்துக் கமிஷன் கடைக்காரர்கள்கூட வழியில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியப்பா மகளுக்கு, அதுவரை எங்களைக் கண்டுகொள்ளாத இடத்திலிருந்து சம்பந்தம் வந்தது. என் நாலு பக்கக் கடுதாசியைப் பத்திரிகைக்காரர் போடவில்லை. அது வந்திருக்க வேண்டிய இடத்தில் கூந்தல் தைல விளம்பரம் இருந்தது.

ஒரு வருஷம் நான் சார்வாள் வீட்டுப் பக்கம் போகவில்லை. அடுத்த வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், காலேஜ் ரசாயன அறையில் உப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். வெறும் தட்டை நிறுப்பது, தட்டோடு உப்பை நிறுப்பது, தட்டைக் கழிப்பது. தட்டு அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு தடவையும் அதே அழுக்கு இருந்தால் போதும் என்று வாத்தியார் சொன்னார்.

கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தேன். குல்லாவை எடுத்துக்கொண்டேனா என்று ஞாபகம் இல்லை. பாளையங்கோட்டை வரை ஓடினேன். அந்தத் தெருவில் அவர் கதவைத் தட்டவில்லை, அறைந்தேன்.

திறந்தார். நரை கூடியிருந்தது.

"சார்வாள்! குளத்துல பொட்டோடதான் அளந்தோம். திரும்பி வந்து வீட்டுலயும் பொட்டோடதான் அளந்தோம். ரெண்டுலயும் அதே பொட்டு! ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிச்சா, பொட்டுப் போயிரும். குளத்துக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் நிக்கும். மறுபடி அளக்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்க அன்னைக்குக் கூடத்துல நோட்டைப் பிடுங்கினப்பவே உங்களுக்குத் தெரியும்!"

"மெதுவாப் பேசு."

"தெரியும்லா சார்வாள்?"

"உனக்கு ஒரு வருஷம் ஆயிருக்கு" என்றார். வாயின் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது. "ஒங்க பெரியப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் ஆகும்."

"சொல்லுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீயா?"

நான் அவர் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தேன். அறையில் மேஜைமேல் அந்த நோட்டு இருந்தது. பக்கங்களுக்கு நடுவே மடித்த காகிதம் ஒன்று, சந்தனம் ஊறிய மஞ்சள் கறையோடு, நீட்டிக்கொண்டிருந்தது. நாலு எட்டு வைத்தால் கைக்கு எட்டிவிடும். அவர் வாசலை விட்டு நகரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சார்வாள். வட்டக்குளத்துல என்ன இருக்கு?"

"இந்த வருஷம் மழை எப்படி?"

"நல்ல மழை. குளம் பெருகிக் கெடக்கு."

"அப்போ தண்ணி இருக்கு" என்றார்.

கதவைச் சாத்தினார். நான் தெருவில் இறங்கி எண்ணத் தொடங்கினேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. முப்பதுவரை எண்ணினேன். அந்தக் கதவு திறக்கவே இல்லை. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.